கன்னிவாடிச் சாலையும் ஒரு சக்கர வண்டியும்

திண்டுக்கல்லிலிருந்து பழனி நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் மேற்கே பயணம் செய்வோர்க்கு, இடக்கைப் புறத்தே நீலநிற மலைத்தொடர் ஒன்று கூடவே நடந்து வருவது போலத் தோன்றும். பழனி மலைகளின் கீழ்த்திசைக் கிளைகள் அவை. குன்றின்மேல் கோபிநாத சுவாமி கோயில் கொண்ட ரெட்டியார்சத்திரத்தின் பக்கம் வந்து, நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே திரும்பினால், அம்மலைகள் மெல்ல மெல்ல அருகே வருகின்றன. நீலம் மாறிப் பச்சையாகிறது. பாறைகளும் புதர்களும் தனித்தனியே கண்ணுக்குத் தெரிகின்றன. அந்த அடிவாரத்தில் அமைந்துள்ள பேரூரே கன்னிவாடி.

நாயக்கர் காலத்தில் திண்டுக்கல் சீமையில் விளங்கிய பாளையங்களுள் கன்னிவாடி பெயர் பெற்ற ஒன்று. பின்னாளில் ஜமீனாகவும் அறியப்பட்டது. பாளையமும் ஜமீனும் வரலாற்றில் மறைந்தன. இன்று அது பேரூராட்சி, சுற்றிலும் சிற்றூர்கள், அச்சிற்றூர்களுக்கு இடையே தோட்டங்கள். மலைமேல் பன்றிமலைப் பக்கம் காப்பியும் மலைவாழையும் விளைகின்றன. கீழே சமவெளியில் தென்னை, முருங்கை, மக்காச்சோளம், பருத்தி, காய்கறிகள். விளைந்த காய்கறிகள் ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் செல்கின்றன.

இந்நிலத்துக்குப் பேராறு எதுவும் வாய்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையும், அம்மழை நிரப்பும் கிணறுகளுமே உழவர்க்குத் துணை. ஆகவே கன்னிவாடிப் பக்கத்துத் தோட்டங்களில் நடந்து செல்பவர் காதில் எப்பொழுதும் கேட்கும் ஒலி ஒன்றுண்டு; அது நீர் இறைக்கும் மின்மோட்டாரின் ஒலி. ஒரு தோட்டத்தில் மோட்டார் நின்றுவிட்டால், அவ்வீட்டில் அன்று பேச்சும் நின்றுவிடும். மூன்று நாள் நீர் பாயாத தக்காளிச் செடியைக் கண்டவர்களுக்கு இதன் காரணம் விளங்கும்.

அத்தகைய மோட்டார்களைப் பழுது நீக்கி வாழும் அன்பர் ஒருவரைப் பற்றியும், அவர் ஏறி வரும் வண்டியைப் பற்றியும் வாசக அன்பர்களுக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரையைத் தொடங்கினோம். தம் பெயர் வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டார். ஊரார் அவரை 'மோட்டார்க்காரர்' என்றே அழைப்பதால், நாமும் அப்பெயராலேயே குறிப்பிடுவோம். நாம் பணியாற்றும் பங்கின் கிளைக் கிராமம் ஒன்று கன்னிவாடி வட்டாரத்தில் உள்ளது. அங்குதான் அவர் தம் தாயாருடன் வாழ்ந்து வருகின்றார்.

தாயின் கைகள்

மோட்டார்க்காரர் ஐம்பது வயதை நெருங்குகின்றவர். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவருடைய இரு கால்களையும் செயலற்றவை ஆக்கிவிட்டது. இந்நோய் இன்று நம் நாட்டில் இல்லை. 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு பெண் குழந்தைக்கு வந்ததே இந்தியாவில் இயற்கையான போலியோக் கிருமியால் வந்த கடைசி நோய். 2014 மார்ச் 27 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் நம் நாடு உள்ளிட்ட தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றது எனச் சான்றளித்தது. ஆயினும் அதற்கு முன் பிறந்து, அந்நோயின் சுவடுகளைச் சுமந்து வாழ்வோர் நம் பங்குகளில் நாற்பது, ஐம்பது, அறுபது வயதினராய் இருக்கின்றனர். அவர்களை நாம் மறந்துவிடலாகாது.

சிறு வயதில் தாயார் அவரை இடுப்பில் சுமந்தே பள்ளியில் விட்டு வந்தார். வாலிபத்தில் கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர சைக்கிள் ஒன்று கிடைத்தது. ஆனால் அடிவாரத்து மேட்டு நிலமும் மண் சாலையும் சில ஆண்டுகளிலேயே அவருடைய தோள் மூட்டுகளை நோகச் செய்துவிட்டன. அதன்பின் சக்கர நாற்காலியே துணையாயிற்று. சக்கர நாற்காலி சிமெண்டுத் தளத்தில் நன்றாக ஓடும். முன்புறத்துச் சிறு சக்கரங்கள் மணலில் புதைந்துவிட்டால் அமர்ந்திருப்பவரால் ஒன்றும் செய்ய இயலாது. பின்னால் ஒருவர் நின்று தள்ள வேண்டும். இருபது ஆண்டுகள் அவ்வாறு தள்ளியவர் அவருடைய தாயாரே.

அந்த அன்னையைப் பற்றி ஒரு சொல். காலையில் மகனைப் பட்டறையில் கொண்டு விடுவார். நண்பகலில் உணவு கொண்டு வருவார். மாலையில் வீட்டுக்கு அழைத்துச் செல்வார். ஞாயிறுதோறும் ஆலயத்துக்கு நாற்காலியைத் தள்ளி வருவார். முழங்கால் வலியைப் பற்றி அவர் எவரிடமும் முறையிட்டதில்லை. அவருடைய உள்ளங்கைகளில் நாற்காலியின் கைப்பிடி பதிந்து காய்த்துப் போயிருந்தது. இத்தகைய அன்னையர் நம் பங்குகளில் பலர் உள்ளனர் என்பதை வீடு சந்திக்கச் செல்லும் குருக்கள் அனைவரும் அறிவர்.

மகனோ அந்த அன்பை உணர்ந்தவராயினும், உள்ளத்தில் ஒரு பாரம் சுமந்தவராகவே வாழ்ந்து வந்தார். ஒருநாள் அவர் நம்மிடம் கூறியது இது: "சாமி, எங்கம்மா எங்கே கூப்பிட்டாலும் வருவாங்க. அதனாலேயே எங்கேயும் கூப்பிட மாட்டேன். ஒரு டீ குடிக்கணும்னா அவங்க கையில இருக்கிற வேலையை விட்டுட்டு வரணும். அப்புறம் எனக்கு அந்த டீ எப்படி ருசிக்கும்?"

நான்கு சக்கரங்களில் ஒரு ஸ்கூட்டர்

தமிழக அரசின் மாற்றுத்திறனாளிகள் நலத்துறை, இரு கால்களும் செயலிழந்து கைகள் நன்கு இயங்கக்கூடிய தகுதியுடையோர்க்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை விலையின்றி வழங்கி வருகின்றது. மோட்டார்க்காரர் அவ்வாறு ஒரு வண்டியைப் பெற்றார். மக்கள் இதனை மூன்று சக்கர வண்டி என்றே அழைக்கின்றனர். எண்ணிப் பார்த்தால் சக்கரங்கள் நான்கு. ஸ்கூட்டருக்கு இயல்பாக உள்ள இரு சக்கரங்களோடு, பின்சக்கரத்தின் இருபுறமும் இரும்புச் சட்டத்தில் இரண்டு சக்கரங்கள் பொருத்தப்பட்டிருக்கும். நின்றாலும் ஓடினாலும் வண்டி சாயாது. கியர் மாற்றும் தேவை இல்லை. வேகம் கூட்டுவதும் பிரேக் பிடிப்பதும் கைகளாலேயே ஆகும். ஆகவே கால்களுக்கு வேலையே இல்லை.

மேலைநாடுகளில் இதே நோக்கத்துக்கு வேறு வகை வண்டி உள்ளது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குழாய்ப் பணி செய்து வந்த ஆலன் தீம் என்பவர், நரம்பு நோயால் நடை தளர்ந்த தம் மனைவிக்காக 1968-ஆம் ஆண்டு மின்கலத்தால் ஓடும் சிறு வண்டி ஒன்றைச் செய்தார். அதற்கு அவர் சூட்டிய பெயர் 'அமிகோ'. ஸ்பானிய மொழியில் நண்பன் என்று பொருள். இன்று உலகெங்கும் 'மொபிலிட்டி ஸ்கூட்டர்' என வழங்கும் வண்டிகளுக்கு அது முன்னோடி. அவ்வண்டி நடைபாதையில் மெல்லச் சென்று, கடைக்கு உள்ளேயும் நுழையும். கன்னிவாடிப் பக்கம் நடைபாதை ஏது? தோட்டத்துக்கும் ஊருக்கும் இடையே கிலோமீட்டர் கணக்கில் தூரம். ஆகவே நம் நாட்டில் பெட்ரோல் ஸ்கூட்டரே அவ்வடிவம் எடுத்தது.

தம் பயணத்துக்குத் தாமே வழி தேட வேண்டும் என்னும் வேட்கை மிகப் பழையது. 1655-ஆம் ஆண்டு ஜெர்மனியில் நூரம்பெர்க் நகருக்கு அருகில் வாழ்ந்த ஸ்டெஃபான் ஃபார்ஃப்லர் என்னும் கால் ஊனமுற்ற கடிகாரத் தொழிலாளர், கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர நாற்காலியைத் தமக்கெனத் தாமே செய்துகொண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. மடக்கி வண்டியில் வைத்துச் செல்லத்தக்க சக்கர நாற்காலி 1933-இல் அமெரிக்காவில் உருவாயிற்று; அதனை உருவாக்கிய இருவருள் ஒருவரான ஹெர்பர்ட் எவரெஸ்ட், சுரங்க விபத்தில் முதுகெலும்பு முறிந்தவர். வலியை அறிந்தவர்களே வழியையும் கண்டனர்.

நம் நாட்டிலும் அத்தகையோர் இல்லாமல் இல்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இளம் மருத்துவராய் இருந்த மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அமெரிக்காவில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966-இல் வேலூரில் எழுந்த மறுவாழ்வு நிலையம் அவருடைய உழைப்பின் கனி. தென்காசியை அடுத்த ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் நிறுவிய எஸ்.ராமகிருஷ்ணன், 1975-இல் கடற்படை அதிகாரிக்கான தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தவர். சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியை சுஜாதா சீனிவாசன் அவர்களின் ஆய்வு மையத்தோடு இணைந்து உருவான 'நியோபோல்ட்' என்னும் கருவி 2021-இல் அறிவிக்கப்பட்டது. சக்கர நாற்காலியின் முன்புறத்தில் அதனைப் பூட்டிவிட்டால், நாற்காலியே மின்கலத்தால் ஓடும் சாலை வண்டி ஆகிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் கழற்றிவிட்டு நாற்காலியோடு உள்ளே செல்லலாம்.

சட்டமும் தன் சொல்லை மாற்றிக்கொண்டுள்ளது. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இத்தகைய வண்டியை 'இன்வேலிட் கேரியேஜ்', அதாவது இயலாதவர் வண்டி என்று குறித்தது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் அச்சொல்லை நீக்கி, 'அடாப்டட் வெஹிகிள்', அதாவது தேவைக்கேற்பத் தகவமைத்த ஊர்தி என்று எழுதிற்று. முன்பு ஓட்டுபவரின் குறையால் வண்டிக்குப் பெயர் இட்டனர். இன்று வண்டிக்குச் செய்த மாற்றத்தால் பெயர் இடுகின்றனர்.

யாரிடமும் சொல்லாமல்

வண்டி வீட்டுக்கு வந்தபோது அன்னை மகிழ்ந்தாரா? இல்லை. லாரிகள் ஓடும் சாலையில் மகன் தனியே செல்வதா என்று அஞ்சினார். "கீழே விழுந்தா யாருப்பா தூக்குறது?" என்பதே அவர் கேட்ட கேள்வி. இரண்டு வாரம் வண்டி வாசலிலேயே துணி போர்த்தி நின்றது. மகன் ஓட்டுநர் உரிமம் பெற்ற பின்னும், தெருமுனை வரை தாமும் உடன் நடந்து வருவதாக அன்னை பிடிவாதம் செய்தார்.

பின்பு ஒரு விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார்க்காரர் எழுந்தார். கைகளை ஊன்றி நாற்காலியிலிருந்து ஸ்கூட்டருக்கு மாறினார். கன்னிவாடிக்குச் சென்று, ஒரு தேநீர்க் கடையின் முன் நிறுத்தி, வண்டியில் அமர்ந்தபடியே ஒரு தேநீர் அருந்தினார். மலைமுகட்டில் வெளிச்சம் படர்வதைச் சிறிது நேரம் பார்த்தார். திரும்பி வந்தார். இவ்வளவுதான். "எதற்காகப் போனீர்கள்?" என்று நாம் வினவினோம். "ஒண்ணுக்கும் இல்ல சாமி. யாருகிட்டயும் சொல்லாம ஒரு இடத்துக்குப் போயிட்டு வரணும்னு இருந்துச்சு. நாற்பத்தஞ்சு வருஷத்துல அப்படிப் போனதே இல்ல" என்றார்.

நடக்க இயன்ற நாம், ஒவ்வொரு நாளும் எவ்வளவோ இடங்களுக்கு யாரிடமும் சொல்லாமல் போய் வருகின்றோம். அதை ஒரு செல்வமாக நாம் எண்ணிப் பார்ப்பதே இல்லை.

அன்னையோ விழித்தெழுந்து, வெறும் நாற்காலியைக் கண்டு கலங்கி, அண்டை வீட்டாரையெல்லாம் எழுப்பிவிட்டார். மகன் திரும்பியதும் அழுதார், கடிந்துகொண்டார். அன்று முதல் சில வாரங்கள் அவர் மிகவும் வாடியிருந்தார். மகனைப் பற்றிய அச்சம் மட்டும் இதற்குக் காரணம் அன்று. நாற்பது ஆண்டுகளாகத் தம் நாளை நிரப்பி வந்த பணி ஒரே காலையில் கைநழுவிப் போனது. "பட்டறைக்குப் போற நேரம் வந்தா கை தானா நாற்காலியைத் தேடுது சாமி" என்று நம்மிடம் கூறினார். பிறரைத் தாங்கி வாழ்ந்தவர்க்கு, தாங்க வேண்டிய தேவை இல்லாமற் போவதும் ஓர் இழப்பே. நோயாளரையும் முதியோரையும் பேணும் குடும்பங்கள் இதனை உணர்ந்து, அத்தகையோரிடம் அன்பாகப் பேச வேண்டும்.

ஆறு திங்கள் கழித்து, அவர் அஞ்சியதும் நிகழ்ந்தது. வளைவு ஒன்றில் வேகத்தைக் குறைக்காமல் திரும்பியபோது, இடப்புறத்து இணைப்புச் சக்கரம் தார்ச்சாலையின் விளிம்பை விட்டு மண்ணில் இறங்கி, வண்டி கவிழ்ந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருவர் ஓடிவந்து தூக்கினர். முழங்கையில் சிராய்ப்பு மட்டுமே. அன்று இரவு மகன் தாமாகவே நடந்ததைத் தாயிடம் கூறினார். அன்னை மறுமொழி ஒன்றும் கூறாமல் மருந்திட்டார். மறுநாள் காலை மகன் எழுந்து வந்தபோது, அன்னை ஈரத் துணியால் ஸ்கூட்டரின் இருக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "மெதுவா போயிட்டு வா" என்றார். அதன்பின் அவர் தடை கூறியதில்லை.

மலையடிவாரம் நோக்கி

சென்ற தை மாதத்தில் ஒருநாள் கன்னிவாடியில் பேருந்தை விட்டு நாம் இறங்கியபோது, மோட்டார்க்காரர் நமக்காகக் காத்திருந்தார். "ஏறுங்க சாமி, ஒரு தோட்டத்தைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போவோம்" என்றார். அவருக்குப் பின்னே அமர்ந்து மலையடிவாரம் நோக்கிப் புறப்பட்டோம்.

பயணத்தின்போது அவ்வண்டியின் இயல்புகளை விளக்கிக்கொண்டே வந்தார். இணைப்புச் சக்கரம் உள்ள வண்டி இருசக்கர வண்டியைப் போல வளைவில் சாய்ந்து திரும்பாது. ஆகவே வளைவுக்கு முன்பே வேகம் தணிக்க வேண்டும். அகலம் மிகுதியாதலால் குழிகளுக்கு இடையே ஒதுங்கிச் செல்ல இயலாது; ஒரு சக்கரம் தப்பினால் மற்றொன்று இறங்கிவிடும். அவருடைய வண்டி பின்னோக்கி ஓடாது. ஆகவே எங்கு நிறுத்தினாலும் வெளியேறும் திசை நோக்கியே நிறுத்துவார். மறந்து சுவர் நோக்கி நிறுத்திவிட்டால், பின்னால் இழுக்க ஒருவரை அழைத்தாக வேண்டும். "அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இன்னும் ஆள் தேவைப்படுது சாமி" என்று சிரித்தார்.

சாலையின் இருபுறமும் முருங்கைத் தோட்டங்கள் பூத்து நின்றன. மக்காச்சோளத் தட்டைகள் அறுவடை முடிந்து வெளிறிக் கிடந்தன. எதிரே மலை, காலை வெயிலில் ஒவ்வொரு மடிப்பும் தெரிய நின்றது. தார்ச்சாலை முடிந்து வண்டிப்பாதை தொடங்கிய இடத்தில் வேகத்தை வெகுவாகக் குறைத்து, ஒரு வேப்ப மரத்தடியில், வெளிநோக்கியபடியே நிறுத்தினார்.

கிணற்று மோட்டார் ஓடவில்லை என்று தோட்டக்காரர் முந்தைய இரவு சொல்லி அனுப்பியிருந்தார். மோட்டார்க்காரர் வண்டியில் அமர்ந்தபடியே ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறக்கச் சொன்னார். சோதனைக் கருவியின் முனைகளைத் தோட்டக்காரர் கையில் கொடுத்து, எங்கெங்கு வைக்க வேண்டும் எனக் காட்டினார். கால் மணி நேரத்தில் பழுது புலப்பட்டது. மோட்டாரின் காயில் நன்றாகவே இருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டியில் உள்ள கெப்பாசிட்டர் மட்டுமே கெட்டிருந்தது. பையிலிருந்து புதியது ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நீர் குழாயில் பொங்கி வந்தது.

"முன்னெல்லாம் கிணத்துல இருந்து மோட்டாரைக் கழட்டி, வண்டி வச்சுத் தூக்கிட்டு இவரு பட்டறைக்குக் கொண்டு போகணும். அங்க போனா மோட்டார்ல ஒண்ணும் இல்லம்பாரு. ஏத்து கூலியும் இறக்கு கூலியும் தண்டம்" என்றார் தோட்டக்காரர். இப்பொழுது மோட்டார்க்காரரே தோட்டத்துக்கு வருகின்றார். செம்புக் கம்பி வாங்கத் திண்டுக்கல்லுக்கும் தாமே சென்று, தரம் பார்த்து, விலை பேசி வாங்குகின்றார். முன்பு பிறர் வாங்கி வந்ததை ஏற்றுக்கொள்வதே வழக்கமாயிருந்தது. இவ்வாறு, ஒருவர் தம் காலில் நிற்கத் தொடங்கும்போது ஊருக்கும் பயன் விளைகின்றது. அவரை மட்டும் பயன்பெற்றவர் என்று கருதுவது சரியான கணக்கு ஆகாது.

ஆலய வாசலில் மூன்று படிகள்

இனி நம் இல்லத்துச் செய்தி. கிளைக் கிராமத்து ஆலயத்தின் வாசலில் மூன்று படிகள் உண்டு. ஒவ்வொன்றும் அரை அடி உயரம். சக்கர நாற்காலியில் வந்த காலத்தில் இளைஞர் நால்வர் அவரை நாற்காலியோடு தூக்கி உள்ளே வைப்பர். ஸ்கூட்டர் வந்த பிறகு முதல் ஞாயிறு. திருப்பலிக்கு அரை மணி நேரம் முன்னதாகவே அவர் வந்துவிட்டார். நாற்காலியோ வீட்டில். இளைஞர்கள் அவரைத் தோளில் தூக்கிச் செல்ல முன்வந்தனர். அவர் பணிவோடு மறுத்துவிட்டு, வாசலுக்கு வெளியே வேம்பின் நிழலில் வண்டியில் அமர்ந்தபடி ஒலிபெருக்கி வழியே திருப்பலி கண்டார். நற்கருணை வேளையில் நாம் வெளியே சென்று அவருக்கு ஆண்டவரை வழங்கினோம்.

திருப்பலி முடிந்ததும் பெரியவர் ஒருவர், "இவ்வளவு பேர் தூக்க இருக்கும்போது வீம்பு எதற்கு?" என்று கடிந்தார். மோட்டார்க்காரர் கூறிய மறுமொழி இது: "தூக்குறதுக்கு எல்லாரும் இருக்கீங்க, அது எனக்குத் தெரியும். ஆனா சாமி பிரசங்கம் முடிஞ்சு கொஞ்ச நேரம் தனியா உட்கார்ந்து செபம் பண்ணணும்னு தோணினா, நாலு பேரைக் காக்க வச்சுட்டு எப்படிப் பண்றது?"

இம்மறுமொழி நம்மை யோவான் நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்துக்கு அழைத்துச் சென்றது. பெத்சதா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவர், தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்று ஆண்டவரிடம் முறையிட்டார். ஆண்டவர் அவருக்குத் தூக்கிவிட ஓர் ஆளைத் தேடித் தரவில்லை. படுக்கையைத் தாமே எடுத்துக்கொண்டு நடக்கச் செய்தார். அதற்கும் முன்பு, நலம்பெற அவருக்கு விருப்பம் உண்டா என்று கேட்டார். எரிகோவின் வழியில் இரந்துகொண்டிருந்த பர்த்திமேயுவிடமும், தாம் என்ன செய்ய வேண்டும் என அவர் விரும்புகிறார் என்றே முதலில் கேட்டார். எல்லாம் அறிந்த இறைமகன் கேட்டறிந்த பின்பே உதவினார் என்றால், நாம் கேளாமலேயே ஒருவரைத் தூக்குவது எங்ஙனம் முறையாகும்?

பங்குப் பேரவையில் சாய்தளம் அமைப்பது பற்றிய பேச்சு எழுந்தது. செலவு பற்றிக் கேட்டோர் இருந்தனர். வாசலின் அழகு கெடும் என்றோரும் இருந்தனர். "ஒருவருக்காகவா இவ்வளவு?" என்று ஒருவர் வினவியபோது, பின்வரிசையில் இருந்த மூதாட்டி ஒருவர் எழுந்து, "எனக்கும் ரெண்டு முழங்காலும் போச்சு. நான் படியேறுறது என் ஆண்டவருக்குத்தான் தெரியும்" என்றார். கைக்குழந்தையோடு வரும் தாய்மார் சிலர் தலையசைத்தனர். அடக்கத் திருப்பலிகளில் சவப்பெட்டியைச் சுமந்து படியேறும் இளைஞர்களும் அதன் சிரமத்தை எடுத்துரைத்தனர். இதற்குப் பிறகு அங்கு எதிர்ப்பு எழவில்லை.

சாய்தளம் அமைப்பதற்கு ஒரு கணக்கு உண்டு. பிற ஆலயங்களுக்கும் உதவும் என்பதால் இங்கே தருகின்றோம். ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். மூன்று படிகளின் ஒன்றரை அடி உயரத்துக்குப் பதினெட்டு அடி. இதற்குக் குறைந்தால் சரிவு செங்குத்தாகி, நாற்காலி பின்னோக்கி உருளும். பிறகு தள்ளுவதற்கு ஆள் வேண்டும். நம் ஆலய முற்றத்தில் நேராகப் பதினெட்டு அடிக்கு இடமில்லை. ஆகவே நடுவில் ஒரு சமதளம் விட்டு, பக்கவாட்டில் திருப்பி அமைத்தோம். இருபுறமும் கைப்பிடிக் குழாய். வழுக்காத சொரசொரப்பான தரை. கொத்தனார் நம் பங்கினரே; சித்தாள் வேலையை இளைஞர்கள் பகிர்ந்துகொண்டனர். பழைய சக்கர நாற்காலி ஒன்றைச் செப்பனிட்டு, சாய்தளத்தின் கீழே, கூரையின் அடியில் நிரந்தரமாக வைத்தோம். ஸ்கூட்டர் வாசல் வரைதான் வரும் அல்லவா?

இன்று மோட்டார்க்காரர் தாமே ஸ்கூட்டரிலிருந்து அந்நாற்காலிக்கு மாறி, தாமே சக்கரங்களைச் சுழற்றி உள்ளே வருகின்றார். திருப்பலி முடிந்து எல்லோரும் சென்ற பின்னும் சிறிது நேரம் அமர்ந்திருக்கின்றார். அவருடைய தாயார் சாய்தளத்தின் கைப்பிடியைப் பற்றியபடி, தம் வயதை ஒத்த தோழியருடன் பேசிக்கொண்டே மெல்ல இறங்கிச் செல்கின்றார். மகனுக்காக அவர் காத்திருப்பதில்லை.

அன்புக் குடும்பங்களே, உங்கள் இல்லத்திலோ அண்டையிலோ இத்தகையோர் இருந்தால், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள். மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். இல்லையெனில் முதலில் அதனைப் பெற்றுக்கொடுங்கள். முதுகுத் தண்டுவடம் பாதிக்கப்பட்டோர்க்கும், தசைச் சிதைவு நோயினர்க்கும் மின்கலத்தால் ஓடும் சக்கர நாற்காலியும் வழங்கப்படுகின்றது. எது வேண்டும் என்பதை அவர்களிடமே கேளுங்கள். வண்டி வந்த பின் ஓட்டக் கற்கும் நாட்களில் உடன் இருங்கள். கற்ற பின் தனியே போக விடுங்கள். பிடித்த கையை உரிய காலத்தில் எடுப்பதும் அன்பின் கடமையே. அது எளிதன்று என்பதைக் கன்னிவாடிப் பக்கத்து அந்த அன்னையிடம் கேட்டால் கூறுவார்.

பங்குப் பேரவையினர் அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் ஓர் அளவு நாடாவைக் கொண்டுவந்து, தங்கள் ஆலயத்தின் படிகளை அளந்து பார்ப்பார்களாக. கன்னிவாடிப் பக்கம் வருவோர் நம் சாய்தளத்தையும் வந்து பார்க்கலாம். வழி கேட்டால் மோட்டார்க்காரரே வண்டியில் முன்னே சென்று காட்டுவார்.